கடைசியாக எங்கே நின்றது?

அன்புள்ள சார்,

பழைய கார்கள் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு, போன மாதம் முதல்முறையாக ஒரு பழைய கார்க் கண்காட்சிக்குப் போனேன். இருநூறு வண்டிக்கு மேல் இருக்கும். நானூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒரு வண்டிகூட மனதில் நிற்கவில்லை. எல்லாம் பளபளவென்று ஒரே மாதிரி. உரிமையாளர்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் பேச்சுக் கொடுக்கக் கூச்சம். ஒருவரிடம் மட்டும் ‘எவ்வளவு வேகம் போகும்?’ என்று கேட்டேன். ஓர் எண்ணைச் சொன்னார், அதோடு சரி. நீங்கள் இப்படிப்பட்ட இடங்களில் என்னதான் பார்ப்பீர்கள்? முழுக்கப் புதுப்பித்த வண்டி உசத்தியா, பழையபடியே விட்ட வண்டி உசத்தியா? கூடவே ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். அது என்ன வண்டி? எது முன்பக்கம் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

க.

அன்புள்ள க.,

நானூறு படம் எடுத்துவிட்டு ஒன்றும் நினைவில் இல்லை என்றால், படம் எடுத்ததுதான் காரணமாக இருக்கும். என்னிடமும் அப்படி ஒரு குவியல் உண்டு. பாதிப் படங்களில் யாரோ ஒருவருடைய முழங்கை, மீதிப் பாதியில் பானெட்டில் தெரியும் என் முகம்.

‘எவ்வளவு வேகம் போகும்?’ என்று அந்த மனிதரிடம் அன்றைக்கு நீங்கள் நாற்பதாவது ஆளாகக் கேட்டிருப்பீர்கள். அதற்கு அடுத்து எல்லோரும் கேட்பது ‘என்ன விலை போகும்?’ இரண்டுக்கும் பதில் ஓர் எண். எண்ணைச் சொன்னதும் பேச்சு முடிந்துபோகும். நான் கேட்பது, ‘கடைசியாக எங்கே நின்றது?’ கேட்டதும் முதலில் ஒரு முறைப்பு வரும். அப்புறம் சிரிப்பு. அப்புறம் பானெட் தானாகத் திறக்கும். பழைய வண்டி வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்காதவர் கிடையாது. நின்ற கதையைச் சொல்லத்தான் அவர் காலையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கேள்வியை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் மானம் போனதில் கிடைத்தது. ஒரு சாப் 96, ஸ்வீடன் நாட்டுக் கார், அதன் முன்னால் நின்றுகொண்டு, பக்கத்திலிருந்த நண்பரிடம் என் மேதைமையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ‘இது மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். ஸ்கூட்டர் மாதிரி பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும்.’ நாற்காலியில் இருந்தவர் எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல் பானெட்டைத் திறந்தார். உள்ளே வி4 எஞ்சின். நான்கு சிலிண்டர், ஆயில் கலக்கத் தேவையில்லாத ஃபோர்-ஸ்ட்ரோக், ஜெர்மன் ஃபோர்டு தயாரிப்பு. 1960-இல் இந்த மாடல் வந்தபோது நான் சொன்ன 841 சிசி டூ-ஸ்ட்ரோக்தான் இருந்தது. 1967 மாடலிலிருந்து வி4-உம் வந்துவிட்டது. இந்த வண்டியில் பெயிண்ட் அடிக்கக் கழற்றிய வி4 பேட்ஜைத் திரும்ப மாட்டவில்லை. அதை நம்பி நான் பேசிவிட்டேன்.

என்ன சொல்வதென்று தெரியாமல், ‘சரி, இது அடிக்கடி நிற்குமா?’ என்று உளறினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பழுப்பு நிறத்தில் ஒரு பல்சக்கரம். இரும்பு மாதிரி கனமில்லை. ஒரு பக்கம் வரிசையாக ஏழெட்டுப் பல் போய் வழவழவென்று இருந்தது. எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றும் சக்கரம் அது. சத்தம் குறையட்டும் என்று ஃபைபரில் செய்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் ஓடியபின் ஒரு நாள் பற்கள் மொத்தமாக உதிரும். எஞ்சின் அந்த இடத்திலேயே படுத்துவிடும். அவருக்கு அது ஒரு சுரங்கப் பாதையின் நடுவில் உதிர்ந்திருக்கிறது.

அதே மனிதர்தான் இன்னொன்றையும் காட்டினார். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பிடி. ஃப்ரீவீல். அதைப் போட்டுவிட்டால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு விட்டுப்போகும், சைக்கிளில் பெடல் மிதிக்காமல் போவது போல. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் போகிறது. நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் பெட்ரோலும் போகாது, ஆயிலும் போகாது, ஆனால் சக்கரம் எஞ்சினைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். காய்ந்துபோய்ப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க வந்தது இந்த ஏற்பாடு. வி4-க்கு இது தேவையே இல்லை. ஆனாலும் விட்டுவைத்திருந்தார்கள். தேவை போனபிறகும் வழக்கம் போகாமல் இருப்பது கார்களுக்கும் உண்டு போலிருக்கிறது. அன்றைக்கு நான் படம் எதுவும் எடுக்கவில்லை. அந்தப் பல்சக்கரத்தின் எடை மட்டும் இன்னும் கையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு போகும் இடமெல்லாம் அதே கேள்விதான். ஒரு ஃபோர்டு மாடல் டி-க்காரரின் பதில் இது: ‘ஏற்றத்தில் நின்றது. திருப்பி ரிவர்ஸில் ஏறினேன்.’ கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால் அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. முன் சீட்டுக்கு அடியில் டேங்க். அங்கிருந்து பெட்ரோல் தானாக வழிந்து கார்புரேட்டருக்கு வர வேண்டும். டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தில் மூக்கைத் தூக்கினால், கார்புரேட்டர் மேலே போய்விடும், பெட்ரோல் வராது. பின்பக்கமாக ஏறினால் வரும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற வண்டி. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

எஞ்சினைக் கிளப்ப முன்னால் இருக்கும் ஹேண்டிலைச் சுற்றவும் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதலில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருக்கும் சிறு லீவரை முழுக்க மேலே தள்ள வேண்டும். ஸ்பார்க் தாமதமாக விழுவதற்காக. அதை மறந்தால் ஸ்பார்க் முந்திக்கொண்டு விழுந்து, எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்து ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். அப்படி மணிக்கட்டு முறிந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அப்புறம் இடது கையால் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம். நான் பழக்கத்தில் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தேன். அவர் குனிந்து, குழந்தைக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது போல, என் விரலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் காரில் வந்த செய்தியை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அது ஏன் அவ்வளவு பெரிய செய்தி என்பது அன்றைக்குத் தோள்பட்டை வலித்தபோதுதான் புரிந்தது.

வாகாக ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிவாசல். எல்லோரும் வண்டி நிற்கும்போது பார்த்துவிட்டு மாலையில் கிளம்பிவிடுகிறார்கள். நான் அப்போதுதான் வாசல் பக்கம் போய் நிற்பேன். காலையிலிருந்து சிலையாக நின்றவை ஒவ்வொன்றாக இருமி, புகைத்து, சில தள்ளப்பட்டு வெளியே வரும். எது நிஜமாகவே ஓடுகிறது, எது லாரியில் ஏறி வந்தது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

அப்படி ஒரு மாலையில் ஒரு சித்ரோவன் டிஎஸ், பிரெஞ்சுக் கார், பின்சக்கரத்தில் காற்றில்லாமல் வாசலில் நின்றது. 1955 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான அன்றே பல ஆயிரம் பேர் முன்பதிவு செய்த வண்டி. ஸ்பிரிங் இல்லை. எண்ணெயும் வாயுவும் நிரம்பிய உருண்டைகள்தான் அதைத் தாங்குகின்றன. உதவலாம் என்று நான் ஜாக்கி தேடினேன். வண்டிக்குச் சொந்தக்கார அம்மாள் வேண்டாம் என்று கையசைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு லீவரை மேலே தள்ளினார். வண்டி மெதுவாக எழுந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்த மாதிரி உச்சத்தில் நின்றது. பக்கவாட்டில் ஒரு தாங்குகோலைச் செருகினார். லீவரைக் கீழே இறக்கினார். வண்டி உட்காரப் பார்த்தது. கோல் தடுத்ததால் உட்கார முடியாமல், அந்தப் பக்கச் சக்கரங்களைத் தானே மடக்கித் தூக்கிக்கொண்டது. பின்சக்கரத்தை மூடியிருக்கும் மட்கார்டுக்கு ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றிப் புல்லில் சாய்த்துவைத்து, பத்தே நிமிடத்தில் சக்கரம் மாற்றிவிட்டார். 1962-இல் துப்பாக்கிச் சூட்டில் டயர்கள் போனபிறகும் பிரெஞ்சு அதிபர் டிகாலை ஏற்றிக்கொண்டு தப்பிய கார் இந்த மாடல்தான். படித்தபோது நம்பக் கஷ்டமாக இருந்தது. இதைப் பார்த்தபின் இல்லை.

வழக்கமான கேள்வியை அவரிடமும் கேட்டேன். அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் சிவப்பு எண்ணெய் ஊற்ற வேண்டிய வண்டியில் பச்சை எண்ணெயை ஊற்றிவிட்டாராம். ஆரம்ப கால டிஎஸ்-களுக்குச் சிவப்பு, பிற்பாடு வந்தவற்றுக்குப் பச்சை. ஒன்றுக்குச் செய்த ரப்பர் சீல் மற்றதில் ஊறிக் கெட்டுவிடும். பிரேக்கும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கூட்டம் மொய்க்கும் வண்டிகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. மெர்சிடிஸ் 300எஸ்எல்லை நானும் பார்த்திருக்கிறேன், ஆறு தோள்களுக்குப் பின்னால் நின்று. கதவு மேல்நோக்கித் திறப்பதை எல்லோரும் படம் எடுத்தார்கள். சட்டகத்தின் குழாய்கள் பக்கவாட்டில் அவ்வளவு உயரத்தில் போவதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை, அதனால் வந்த கதவு அது. அதைப் புரிந்துகொள்ள உரிமையாளர் ஏறி உட்காருவதைப் பார்த்தால் போதும். முதலில் அந்த அகலத் திண்ணையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை மடக்கி, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே போட்டு... அவ்வளவு விலையுயர்ந்த காரில் மனிதர் இவ்வளவு அவதிப்படுவது எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

புதுப்பித்ததா, பழையபடியே விட்டதா? நான் இரண்டாவது கட்சி. தரையில் ஓட்டை விழுந்திருந்தால் தகரம் வைத்து அடைக்கத்தான் வேண்டும், அதில் வீம்பு கூடாது. ஆனால் ஃபாக்டரியிலேயே இல்லாத பளபளப்பை ஏற்றிவைத்தால் அது யாருடைய வண்டி? கலிபோர்னியாவில் 1950 முதல் நடக்கும் பெபிள் பீச் போட்டியில்கூடப் புதுப்பிக்காத வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நான் பார்த்ததில் மனதுக்குப் பிடித்தது ஒரு சித்ரோவன் 2சிவி. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் முட்டை உடையக் கூடாது என்ற நிபந்தனையோடு உருவாகி, 1948-இல் 375 சிசி எஞ்சினோடு வந்த மாடலின் பிற்காலத்து வாரிசு. கதவின் மேல் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து தகரம் மின்னியது. பல வருஷம் ஒருவர் முழங்கையை வைத்த இடம். இப்போதைய உரிமையாளர் அதே இடத்தில்தான் முழங்கையை வைக்கிறார். பெயிண்ட் அடித்தால் அந்த முதல் மனிதர் போய்விடுவார். இன்னொன்று, நாற்காலி என்று எழுதினீர்களே? இவர் உட்கார்ந்திருந்தது வண்டியின் முன் சீட். கழற்றிப் புல்லில் போட்டிருந்தார். 2சிவி-யில் அது சாத்தியம்.

பேசுவதற்குக் கூச்சம் என்றால் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. பெல்ட் பக்கிள் பெயிண்ட்டில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஒன்றுதான் மன்னிக்கப்படாத குற்றம். இரண்டு நிமிடத்தில் அவராக வருவார்.

இப்போது உங்கள் படம். அது சூண்டாப் ஜானஸ். ஜெர்மனியில் மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்கள் 1957, 58-இல் மட்டும் செய்த கார். மொத்தமே ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் குழப்பம் நியாயமானது. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. பின் சீட்டில் உட்காருபவர் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். அதனால்தான் இரண்டு முகமுள்ள ரோமானியக் கடவுளின் பெயர். உங்கள் படத்தில் வலது ஓரம் கண்ணாடிக்குள் ஸ்டியரிங் வளையம் லேசாகத் தெரிகிறது பாருங்கள், அதுதான் முன்பக்கம்.

இத்தனை வருஷத்தில் நான் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. உங்களுக்கு முதல் தடவையே வாய்த்திருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதன் எஞ்சின் 250 சிசி ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில், இருவர் முதுகுக்கும் இடையில் இருக்கிறது. அந்த உரிமையாளரை மறுபடி எங்காவது பார்த்தால் கடைசியாக எங்கே நின்றது என்று கேளுங்கள். பின் சீட்டில் இருந்தவருக்கு வண்டி நின்றது எவ்வளவு நேரம் கழித்துத் தெரிந்தது என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.