கடன் கிடைத்தால் மாறுவார்களா? நான் மாறிய கதை

"மின்சாரம் மிச்சமாகும் இயந்திரங்களுக்குக் கடன் வசதி இருந்தால் தொழில் செய்பவர்கள் மாறுவார்களா, இல்லை அவர்களுக்கு அக்கறையே இல்லையா?" என்பது கேள்வி.

அந்த 'அக்கறையே இல்லையா'வுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சம்பளம் வாங்குகிறவர் என்று நினைக்கிறேன். கொடுக்கிறவனுக்கு மாதக் கடைசி வேறு மாதிரி இருக்கும்.

என் பட்டறையில் எல்லா மெஷினும் நின்ற பிறகும் அவற்றுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் இடத்துக்கு இடம் குமிழி. பராமரிப்பில்லாத லைனில் 20 முதல் 30 சதவீதக் காற்று கசிந்தே போகும். கசிவை அடைத்துவிட்டேன், அதற்குப் பெரிய செலவில்லை. தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் புது கம்ப்ரசருக்குத்தான் மொத்தப் பணம் வேண்டும். நான்கு வருஷம் தெரிந்தே சும்மா இருந்தேன்.

வங்கியில் ஈடு கேட்டார்கள். இனிமேல் மிச்சமாகப்போகிற கரண்ட் பில்லை ஈடாக எழுதிக் கொடுக்க முடியுமா? கடைசியில் மெஷின் விற்றவரே மாதத் தவணைக்குக் கொடுத்தார். பில்லில் குறையும் தொகையைவிடத் தவணை கொஞ்சம் கம்மி. அன்றே கையெழுத்துப் போட்டேன். வட்டி எத்தனை சதவீதம் என்று வீட்டில் கேட்ட பிறகுதான் காகிதத்தைப் புரட்டினேன். (வட்டி கட்டுவது முட்டாள்தனம் என்று கீழே எழுத வருபவர்கள், நான் அந்த நான்கு வருஷம் வீணாகக் கட்டிய பில்லையும் சேர்த்துக் கணக்குப் போடவும்.)

ஆனால் எல்லாத் திட்டமும் ஒன்றில்லை. அடுத்து ப்ளோயர்களுக்கு, அதாவது காற்று ஊதும் விசிறிகளுக்கு, ஒரு நிறுவனம் தானே முதல் போட்டு விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டித் தந்தது. மிச்சத்தில் பங்கு தர வேண்டும். தொழில்நுட்பத்தில் குறையில்லை, விசிறி வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். வினை ஒப்பந்தத்தில் இருந்தது. 'முன்பு எவ்வளவு ஓடியது' என்ற அளவை ஆர்டர் குவிந்த மாதத்தில் எடுத்திருந்தார்கள். பிறகு ஆர்டர் குறைந்து மெஷின் சும்மா கிடந்ததும் அவர்கள் கணக்கில் மிச்சம், அதற்கும் பங்கு! உற்பத்தியில் ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. நீங்கள் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

உண்மையைச் சொன்னால், சரக்கு வாங்கியவர்கள் நேரத்துக்குப் பணம் தந்திருந்தால் எனக்குக் கடனே தேவைப்பட்டிருக்காது. 30 நாள் என்பார்கள், 90 ஆகும். இப்போதுகூட ஒருவரிடம் நான்கு பில் நிற்கிறது. போன் போட்டால் "அக்கவுண்ட்ஸில் சொல்லிட்டேனே சார்" என்கிறார்.