வீட்டுக்கல்வியும் செய்முறையும் – கடிதம்

வணக்கம் அக்கா,

என் மகளுக்கு ஏழு வயது. பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். நோட்டில் எழுதச் சொன்னால் நெளிவாள், கையில் ஏதாவது கொடுத்தால் மணிக்கணக்கில் உட்காருவாள். செய்முறை நிறைய உள்ள பாடத்திட்டம் தேடுகிறேன். மாதாமாதம் பெட்டி அனுப்பும் ஒன்று பிடித்திருக்கிறது, ஆனால் விலை அதிகம். வாங்கலாமா? பின்னால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சிக்கல் வருமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

முதலில் தேர்வுக் கவலையை இறக்கி வையுங்கள். 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

பெட்டிக்கு வருகிறேன். என் மகனுக்கு எட்டு வயதில் நானும் அப்படி ஒன்று வாங்கினேன். எல்லாம் வெட்டி, எண் போட்டே வந்தது, ஒன்றை இரண்டோடு ஒட்டு, இரண்டை மூன்றோடு ஒட்டு, இருபது நிமிடத்தில் காற்றாலை தயார். இறக்கையை ஏன் சாய்த்து ஒட்டினாய் என்று கேட்டேன். "படத்துல அப்படித்தான் இருந்துச்சு" என்றான். எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. கை வேலை செய்ததே தவிர, அவன் யோசித்து முடிவெடுக்க அதில் எதுவுமே இல்லை.

அப்புறம் எந்தப் பாடத்திட்டத்தைப் பார்த்தாலும் ஒன்றைத்தான் தேடுகிறேன்: பிள்ளை தப்பாகச் செய்தால் அந்தப் பொருளே காட்டிக்கொடுக்கிறதா, நாம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறதா? மாண்டிசோரி கல்வி முறையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உருளைக் கட்டையில் பத்துக் குழி, பத்து உருளை. சின்னதைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஒன்று நுழையாமல் கையில் நிற்கும், பிள்ளை தானே திரும்பிப் போய்த் தேடும். மரியா மாண்டிசோரி 1939-இல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த முறையில் நடத்துபவர்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்.

காசே இல்லாமலும் ஆரம்பிக்கலாம். வீணாகும் பொருட்களில் அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாதிரிகளைச் சொல்கிறேன். சைக்கிள் கடையில் வால்டியூப் என்ற மெல்லிய ரப்பர் குழாயை வாங்கிச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய குச்சிகளை அவற்றில் செருகி ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் செய்யச் சொல்லுங்கள். சதுரம் லேசாக அழுத்தினாலே சாயும், முக்கோணம் அசையாது. சதுரத்தை எப்படிச் சாயாமல் நிற்க வைப்பது என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். குறுக்கே ஒரு குச்சி வைக்கத் தோன்றும், ஆனால் அதே நீளக் குச்சி மூலைக்கு மூலை எட்டாது. என் மகன் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை உருவி, ஒடித்து ஒடித்து அளவு பார்த்தான். அன்று சாயங்காலமே செல்போன் டவரைக் காட்டி, "அம்மா, அங்கேயும் குறுக்குக் கம்பி!" என்றான்.

பின்னத்துக்குப் பாட்டி வீட்டுப் படியையும் ஆழாக்கையும் எடுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. அரிசியை அளந்து அளந்து கொட்டினால் கால், அரைக்கால் எல்லாம் கையிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் வாசிப்பும் வாய்ப்பாடும் செய்முறையால் மட்டும் வராது. அதற்குத் தினமும் இருபது நிமிடம் உட்காரத்தான் வேண்டும், நெளிந்தாலும் விடாதீர்கள். எதை எப்போது சொல்லித்தருவது என்ற வரிசைக்குத் தமிழ்நாடு அரசுப் பாடநூல் போதும், இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது.

இதற்கு மேலும் அந்தப் பெட்டி வேண்டும் என்றால் ஒரே ஒரு மாதிரிப் பாடம் கேளுங்கள். குறிப்புத் தாளை ஒளித்து வைத்துவிட்டு அவளிடம் கொடுங்கள். தாள் இல்லாமல் அவளால் நகரவே முடியவில்லை என்றால் வாங்க வேண்டாம்.