ஆயில் குடித்த மண்ணும் பச்சை பிடித்த ஊரணியும்: வாசகர் கேள்விகள்

எங்கள் பழைய லாரிப் பட்டறை மண் கழிவு ஆயில் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. ஆயிலைத் தின்னும் பாக்டீரியா என்று ஒரு பவுடர் விற்கிறார்கள். வாங்கலாமா? (காரைக்குடி)

அவசரம் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் ஆயில் குடித்த மண்ணில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கும். அவற்றுக்குக் குறைவு காற்று, ஈரம், தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்). ஆயிலில் கார்பன் ஏராளம். நம் செம்மண்ணிலோ தழைச்சத்து சொற்பம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி, கச்சா எண்ணெய் கரையெல்லாம் அப்பியபோது பல இடங்களில் உரம்தான் போட்டார்கள். மீதி வேலையை அங்கிருந்த நுண்ணுயிர்களே பார்த்தன.

கறுத்த மண்ணை வெட்டித் தடித்த தார்ப்பாயில் ஓரடி உயரத்துக்குப் பரப்புங்கள். மக்கிய சாண எரு, கொஞ்சம் யூரியா, சூப்பர் பாஸ்பேட் கலந்துவிடுங்கள். கார்பன் 100 பங்கு என்றால் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்பது வழக்கமான கணக்கு. மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறி, மழைக்கு மூடுங்கள். நம்மூர்ச் சூடு அலாஸ்காவுக்கு வாய்க்காத வரம்! சில மாதங்களில் பெரும்பகுதி கரையலாம். தார் போன்ற கெட்டிப் பகுதி நெடுநாள் நிற்கும். கழிவு ஆயிலில் இருக்கும் ஈயம், துத்தநாகத்தை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. பரிசோதிக்காமல் அங்கே கீரைப்பாத்தி போடாதீர்கள்.

ஊரணி நீர் பச்சையாகிவிட்டது. நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றினால் தெளியுமா? (தேவகோட்டை)

வரத்துக்காலில் சாக்கடையும் சோப்பு நீரும் வந்துகொண்டிருக்கும்வரை தெளியாது. பாசிக்குத் தீனி அதுதான். முதலில் அந்த வரத்தை அடைத்துவிடுங்கள், கோடையில் வண்டலை அள்ளுங்கள். நீலப்பச்சைப் படலம் மிதந்தால் மாடுகளை இறக்காதீர்கள். சில வகைகள் நஞ்சு சுரக்கும்.

கண்டாங்கிச் சேலைக்குச் சாயம் போடுகிறோம். சாயக் கழிவுநீரைத் தொட்டியில் தேக்கிவைத்தால் நிறம் போய்விடுகிறது. திறந்து விடலாமா? (காரைக்குடி)

கூடவே கூடாது. அசோ என்னும் வகைச் செயற்கைச் சாயங்களைக் காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன, நிறம் போகிறது. உடைந்த துண்டுகளான அரோமாட்டிக் அமீன்களில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. காற்று ஊதும் இரண்டாம் தொட்டியில்தான் அவற்றில் பெரும்பகுதி சிதையும். அதற்குப் பிறகும் உப்பு மிஞ்சும். குழம்பில் உப்புக் கூடிவிட்டால் கொதிக்கவைத்துப் போக்க முடியுமா? இதுவும் அப்படித்தான். திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டதில் இந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2011இல் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தனித்தனியாகச் சமாளிக்க இயலாது. நாலைந்து பேர் சேர்ந்து சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா வந்துவிட்டதாமே? (ஆத்தங்குடி)

2016இல் ஜப்பானியர் அறிவித்தது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கைத் தின்னும் வகை. அதற்கும் ஒரு மெல்லிய படலத்தைத் தின்ன ஆறு வாரம் ஆயிற்று. கல்யாண வீட்டில் மிஞ்சும் பாலித்தீன் பையை அது சீண்டாது.

வளவு வீட்டைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறோம். செப்டிக் டேங்க் நாறுகிறது. ஈஸ்ட் போடச் சொல்கிறார்கள். (கானாடுகாத்தான்)

ஈஸ்ட் தேவையில்லை. தினமும் கழிப்பறையில் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் கொட்டுகிறீர்களா? தொட்டிக்குள் வேலை பார்க்கும் பாக்டீரியாக்களை அவை கொன்றுவிடும். சாதாரண சோப்புக்கு மாறுங்கள். காற்றுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்துக் கசடை உறிஞ்சி எடுங்கள். ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள், விஷவாயு ஆளைக் கொல்லும், சட்டப்படியும் குற்றம்.