சேவை வண்டிக்குப் புது விதி வந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குழு ஒரு வேனில் ஊர் ஊராகப் போய் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறது. வண்டிப் பாதுகாப்பு விதிகள் மாறிவிட்டன என்கிறார்கள். நாங்கள் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, ஓட்டுநரும் தன்னார்வலர்தான். புது விதி எங்களுக்கும் உண்டா?

பதில்: உண்டு என்றே வைத்துக்கொண்டு விதியைப் படிக்கத் தொடங்குங்கள். கட்டணம் வாங்காத வண்டிக்கு அனுமதிச் சீட்டிலோ வரியிலோ சலுகை தரும் நாடுகள் இருக்கின்றன. பிரேக், டயர், சீட் பெல்ட், எடை என்று வந்துவிட்டால் அந்தச் சலுகையை நம்பக் கூடாது.

அறிவிப்பில் முதலில் தேட வேண்டியது, விதி புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மட்டுமா, ஏற்கெனவே ஓடுகிற வண்டிக்குமா என்பதை. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 7 முதல் வேக வரம்பை உணர்த்தும் கருவி கட்டாயமானது. அது புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்குத்தான். பழைய வேனில் யாரும் அதைக் கொண்டுவந்து பொருத்த வேண்டியதில்லை. பிரிட்டனில் 2021 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த டயர் விதி அப்படியல்ல. லாரி, பஸ் ஆகியவற்றின் முன் சக்கரங்களிலும், மினிபஸ்ஸில் இரட்டையாகச் சேராமல் ஒற்றையாக உள்ள எல்லாச் சக்கரங்களிலும் 10 வயது கடந்த டயர் கூடாது என்றார்கள். சாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையும் அது பிடித்தது. அடுத்ததாக, எத்தனை இருக்கை, எவ்வளவு மொத்த எடை என்று விதி வகுத்திருக்கும் பிரிவையும், அமலாகும் தேதியையும் பாருங்கள். உங்கள் பதிவுச் சான்றில் உள்ள வகையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். வேனுக்குள் மேஜை, படுக்கை, தண்ணீர்த் தொட்டி என்று மாற்றம் செய்துவிட்டுப் பதிவில் காட்டாமல் விட்டிருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் காகிதங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: எங்கள் வண்டி மாதம் 300 கிலோமீட்டர்கூட ஓடாது. டயரில் தரையைப் பிடிக்கும் பட்டன் அப்படியே இருக்கிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

பதில்: குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். பட்டன் தேய்வது ஓட்டத்தால்; ரப்பர் இறுகுவது காலத்தாலும் வெயிலாலும். 2012-ல் இங்கிலாந்தில் ஒரு சுற்றுலாப் பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூவர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19. பார்வைக்குப் பட்டன் போதுமானதாகவே இருந்தது.

டயரின் பக்கச் சுவரில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இந்த இலக்கங்கள் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் தெரியவில்லையென்றால் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள், வண்டி வாங்கிய நாளிலிருந்து தொடாத டயர் அதுதான். ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் வண்டியில் வெயில் படும் பக்கத்து டயர் முதலில் வெடிப்பு விடும். காற்றடைக்கும் வால்வின் அடிப்பாகத்தை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள், ரப்பரில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் வால்வையும் மாற்றுங்கள். காற்றழுத்தத்துக்குக் கதவுச் சட்டத்தில் இரண்டு அளவுகள் போட்டிருந்தால், உங்களுக்கானது முழுச் சுமைக்கான அளவு.

கேள்வி: சோதனையில் எங்கள் வேனில் அதிக எடை என்று நிறுத்திவிட்டார்கள். உள்ளே பாதி இடம் காலியாகத்தானே இருந்தது?

பதில்: இடம் காலியாக இருப்பதற்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ என்று வைப்போம். மேஜை, அலமாரி எல்லாம் பொருத்தி, டேங்க் நிறைய எரிபொருளோடு, ஆளில்லாமல் எடை போட்டால் 2,780. மிச்சம் 720. ஆளுக்கு 75 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 420 ஆகிவிடும். தண்ணீர் 150 லிட்டர் என்றால் 150 கிலோ, மிச்சம் 270. ஜெனரேட்டருக்கு 45, நாற்காலிகளுக்கும் கூடாரத்துக்கும் 80, மருந்துப் பெட்டிகளுக்கு 120. கடைசியில் நிற்பது 25 கிலோ. ஐந்தாவதாக ஒரு தன்னார்வலர் ஏறினாலே வரம்பு தாண்டிவிடும்.

மொத்த எடை சரியாக இருந்தும் மாட்டுகிறவர்கள் உண்டு, காரணம் ஆக்சில் எடை, அதாவது முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே தாங்கும் எடை. இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வேனில், பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவை வைத்தால் பின் ஆக்சிலில் கூடுவது 100 அல்ல, 133 கிலோ. முன் ஆக்சிலில் 33 கிலோ குறையும். ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகிப்போவதும், எதிரே வருபவர் கண்ணில் ஹெட்லைட் அடிப்பதும் இதனால்தான். ஜெனரேட்டரை இறக்க வசதி என்று கடைசியில் வைக்கிறார்கள். கனமான எதையும் இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவில், தரையோடு வையுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டி முன்னாலும் கழிவுநீர்த் தொட்டி பின்கோடியிலும் இருந்தால், போகும்போது சரியாக இருந்த எடை திரும்பும்போது பின்னால் போய்விடும். கழிவுநீரை உரிய இடத்தில் வெளியேற்றிவிட்டுக் கிளம்புங்கள். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோதும், பிரேக் அடித்த பிறகும் வண்டியை முன்னே தள்ளும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இல்லையென்றால் முழுதாக நிரப்பியோ முழுதாகக் காலி செய்தோ ஓட்டுங்கள்.

முகாமுக்குப் போகும் அதே சுமையோடும் அதே ஆட்களோடும் எடை மேடைக்குப் போங்கள். முன் சக்கரங்கள் மட்டும் ஏறியதும் ஒன்று, முழு வண்டிக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என மூன்று சீட்டு வாங்கி, கதவுச் சட்டத்தில் அனுமதித்த எடைகளைப் பொறித்திருக்கும் தகட்டோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வருபவர்களை அழைத்துப் போகிறோம். நாற்காலியின் பிரேக்கைப் போட்டால் போதாதா?

பதில்: போதவே போதாது. அந்த பிரேக் சமதளத்தில் நாற்காலியை நிறுத்தி வைக்கத்தான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகள் வேண்டும். அவற்றைச் சக்கரத்திலோ கால்தாங்கியிலோ மாட்டாதீர்கள், கழன்றுவிடும். சட்டத்தில் பற்றவைத்த இணைப்புகளில் மாட்டுங்கள். வண்டியில் ஏற்றத் தகுதி பெற்ற நாற்காலியில் அந்த இடங்களைக் கொக்கிப் படம் போட்டே காட்டியிருப்பார்கள். நாற்காலி முன்நோக்கி இருக்கட்டும். அமர்ந்திருப்பவருக்குத் தனியாக சீட் பெல்ட் வேண்டும். அதைக் கைத்தாங்கிக்கு மேலே கொண்டுபோவதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு. அப்படிப் போட்டால் பெல்ட்டுக்கும் உடம்புக்கும் இடையே இடைவெளி விழும், மோதலில் ஆள் கீழே வழுக்கி பெல்ட் வயிற்றை அறுக்கும். கைத்தாங்கிக்கு அடியே நுழைத்து இடுப்பெலும்பின் மேல் படியும்படி போடுங்கள்.

கேள்வி: வண்டிக்குள்ளேயே சமைத்து வழங்குகிறோம். கேஸ் சிலிண்டருக்கு என்ன ஏற்பாடு?

பதில்: சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் படியும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது; தரை மட்டத்தில் வெளியே திறக்கும் துவாரம் வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், பட்டையால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். ஓட்டும்போது அடுப்புக் குமிழை மூடினால் மட்டும் போதாது, சிலிண்டர் வால்வையே மூடுங்கள். குழாயில் அச்சிட்ட தேதியைப் பார்த்து மாற்றுங்கள், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவைச் சோதியுங்கள். தீயணைப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் தீப்பிடிக்கும்போது கை எட்டாது. வெளியேறும் கதவருகே மாட்டுங்கள். ஜெனரேட்டரை வண்டிக்கு வெளியே, புகை ஜன்னல் பக்கம் திரும்பாதபடி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலிதான் முதல் அறிகுறி. அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்று உள்ளே இருக்கட்டும்.

கேள்வி: வாரம் ஒருவர் ஓட்டுகிறார். கிளம்பும் முன் வண்டியைச் சோதிக்க யார் பொறுப்பு?

பதில்: அன்றைக்கு ஓட்டுபவர் பார்த்து, சோதனை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எழுதிய குறையைச் சரிசெய்வது குழுவின் பொறுப்பு. நோட்டில் 'பிரேக் இழுக்கிறது' என்று எழுதியிருந்து, அதற்குக் கீழே பழுது பார்த்த பதிவு இல்லாமல் வண்டி அடுத்த வாரமும் ஓடியிருந்தால், விசாரணையில் அந்த நோட்டே உங்களுக்கு எதிரான சாட்சி. குறை சொல்லி வண்டியை நிறுத்தும் தன்னார்வலரிடம் முகம் சுளிக்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி டார்க் ஸ்பேனரால் (குறித்த அளவு விசைக்கு முடுக்கும் ஸ்பேனர்) முடுக்கி, அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.