வென்றால் ‘நாங்கள்’, தோற்றால் ‘அவங்கள்’

கேள்வி: போன ஒக்ரோபரில் பேஸ்போலில் எங்கட ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் யங்கீஸை அடிச்சம், சியாற்றிலை அடிச்சம், கிண்ணத்துக்கான ஏழு மாட்ச் உலகத் தொடரில் டொட்ஜர்ஸையும் மூன்று தரம் அடிச்சம். கடைசி மாட்ச்சில் கைக்கு வந்ததை அவங்கள் கோட்டை விட்டாங்கள். இப்ப புது 2026 சீசன் வருகுது. எங்கட போ பிஷெற் நியூ யோர்க் மெற்ஸ் அணிக்குப் போயிட்டார். டொட்ஜர்ஸ் காசைக் கொட்டி இன்னும் ஆட்களை வாங்குறாங்கள். மகன் வேறு “அப்பா, எங்களுக்கு முதல் மாட்ச் எப்ப?” என்று நச்சரிக்கிறான். இந்த வருசமாவது புளூ ஜேய்ஸ் வெல்லுமா, இல்லாட்டி இன்னொரு தரம் நெஞ்சு வெடிக்கத்தானா? ஒளிக்காமல் சொல்லவும்.
— ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: ஒளிக்காமல் சொல்லச் சொன்னபடியால் முதலில் உங்கள் இலக்கணத்தைப் பிடிக்கிறேன். யங்கீஸை ‘அடிச்சம்’. சியாற்றிலை ‘அடிச்சம்’. கடைசி மாட்ச் மட்டும் ‘அவங்கள்’ விட்டது. வெற்றிக்குத் தன்மை, தோல்விக்குப் படர்க்கை. இதை எழுதும்போது உங்களுக்கே தெரிந்திருக்காது, ஆனால் உங்கள் கேள்வி முழுக்க இதுதான்: இந்த வருடம் எந்தச் சொல்லைப் பாவிக்க வேண்டிவரும் என்று ஏப்ரலுக்கு முன்னமே யாராவது எழுதித் தரவேண்டும் என்கிறீர்கள்.

சரி, அந்த ‘அவங்கள்’ அப்படி என்ன செய்தார்கள்? 2025 நவம்பர் 1, சனிக்கிழமை இரவு, ஏழாவது மாட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ், நாங்கள் 4-3 முன்னுக்கு. இன்னும் இரண்டு பேரை அவுட் ஆக்கினால் 1993க்குப் பிறகு முதல் கிண்ணம். ஹோம் ரன்னுக்குப் பேர்போனவர் என்று யாரும் சொல்லாத டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் வந்து பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பிவிட்டார். சமநிலை. அப்புறம் எங்கள் முறை: ஓடுகிறவர் நிற்கும் மூன்று பேஸிலும் ஆள், ஒருவர்தான் அவுட், ஒரு ஆள் ஹோமுக்கு வந்தாலே வெற்றி. எங்கள் வார்ஷோ தட்டிய பந்து அதே ரோஹாஸிடம் போகிறது, அவர் தடுமாறி விழப்போய், எழும்பி, ஹோமுக்கு எறிகிறார். மூன்றாவது பேஸிலிருந்து எங்கள் கைனர்-பலேபா சறுக்கி வருகிறார். அங்கே பந்தைப் பிடிக்கும் டொட்ஜர்ஸ் கச்சர் வில் ஸ்மித்தின் கால் ஹோம் தட்டைவிட்டு ஒருகணம் எழும்பித் திரும்ப வைபடுகிறது. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் அவுட் அவுட்தான். கைனர்-பலேபா ஏன் பேஸோடு ஒட்டி நின்றார் என்று அன்றிலிருந்து ஊரெல்லாம் திட்டுகிறது. அதற்கு முதல்நாள் இரவு ஆறாவது மாட்ச் எப்படி முடிந்தது என்று நினைவிருக்கிறதா? பேஸைவிட்டுத் தள்ளி நின்ற எங்கள் பார்ஜரை இரண்டாவது பேஸில் பிடித்துத்தான் முடித்தார்கள். சூடுபட்டவன் அடுத்த நாள் ஒட்டி நின்றதற்குப் பெயர் கோட்டை விடுவது என்றால், நான் அதை ஏற்கமாட்டேன்.

பதினோராவது இன்னிங்ஸில் ஸ்மித் அடித்தார், 5-4, நள்ளிரவு தாண்டி முடிந்தது. அன்று இரவுதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் இரவும். விழித்திருந்து கவலைப்பட அரசாங்கமே ஒரு மணித்தியாலம் கூடத் தந்தது. நானும் அதை வீணாக்கவில்லை.

இதே கதையைச் சியாற்றிலில் இருந்து பாருங்கள். அவர்களும் நாங்களும் 1977இல் ஒன்றாகத் தொடங்கிய அணிகள். அவர்கள் இன்றுவரை ஒரு உலகத் தொடரையும் எட்டியதில்லை. உலகத் தொடருக்கு முந்தின தொடரில் எங்களோடு ஆடிய ஏழாவது மாட்ச்சில் அவர்களும் 3-1 என்று முன்னுக்கு நின்றார்கள், ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் ஸ்பிறிங்கர் ஒரே அடியில் மூன்று ரன் எடுத்து அதை 4-3 ஆக்கினார். அதை நீங்கள் ‘அடிச்சம்’ என்று எழுதுகிறீர்கள், அங்கே ஒருவர் ‘அவங்கள் விட்டாங்கள்’ என்று எழுதிக்கொண்டிருப்பார்.

இப்படித் தோற்ற அணிகள் மறுவருடம் என்ன ஆகின என்று கேட்டால், கன்சாஸ் சிற்றியைக் காட்டி நம்பிக்கை ஊட்டலாம். 2014இல் ஏழாவது மாட்ச்சில் சமப்படுத்தும் ஆள் மூன்றாவது பேஸில் நிற்கத் தோற்றார்கள், 2015இல் கிண்ணம் எடுத்தார்கள். ஆனால் கிளீவ்லண்டையும் காட்டவேண்டுமே. 2016இல் ஏழாவது மாட்ச் பத்தாவது இன்னிங்ஸ் வரை போய்த் தோற்றது. மறுவருடம் தொடர்ந்து 22 மாட்ச் வென்று 102 வெற்றியோடு வந்தது, முதல் சுற்றுத் தொடரிலேயே யங்கீஸிடம் வெளியே போனது. ரெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2011இல் இரண்டு தரம் ஒரே ஒரு ஸ்ட்ரைக் (அடிபடாத நல்ல பந்து) தூரத்தில் நின்று தவறவிட்டது, அவர்களுக்குக் கிண்ணம் வந்தது 2023இல். பன்னிரண்டு வருடம்! உங்கள் மகன் அதற்குள் பல்கலைக்கழகம் முடித்துவிடுவான்.

இனி, உங்கள் சந்தேகங்களில் எது நியாயம், எது வெறும் புலம்பல் என்று பார்ப்போம். டொட்ஜர்ஸ் காசைக் கொட்டுவது புலம்பல். அவர்கள் கைல் ரக்கரை நாலு வருடத்துக்கு 240 மில்லியன் டொலருக்கு எடுத்தார்கள், உண்மைதான். நாங்களும் கஞ்சிக்கு வழியில்லாத ஆட்கள் இல்லையே. விளாடிமிர் குரேரோவுக்கு 14 வருடம், 500 மில்லியன். பந்தெறியும் டிலன் சீஸுக்கு ஏழு வருடம், 210 மில்லியன், அதுவும் உலகத் தொடர் தோற்று ஒரு மாதம் ஆகமுன்னரே. யப்பானில் யோமியூரி ஜயன்ற்ஸுக்கு 248 ஹோம் ரன் அடித்த ஒகமோற்றோவும் வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் பெரிய கார் வைத்திருக்கிறான் என்று அழுகிறவரின் வாசலில் நிற்பதும் சின்னக் கார் இல்லை.

பிஷெற் போனது நியாயமான கவலை. அந்த ஏழாவது மாட்ச்சில், முழங்கால் காயத்தோடு, டொட்ஜர்ஸ் ஒஹ்தானியின் பந்தை மூன்று ரன்னுக்கு வெளியே அனுப்பியவர் அவர். இங்கேயே வளர்ந்து வந்த ஆளுக்குப் பதிலாக எந்தப் புது ஆள் வந்தாலும் கொஞ்ச நாளைக்கு வேற்று வீடு மாதிரித்தான் இருக்கும். அதைவிட எனக்குப் பெரிய பயம் ஸ்பிறிங்கர். போன வருடம் 32 ஹோம் ரன் அடித்தவருக்கு வருகிற செப்ரெம்பரில் வயது 37, மனிதன் அதையே இன்னொரு தரம் செய்வார் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். அப்புறம் ட்றே யெசாவேஜ். போன வசந்தத்தில் புளோரிடாவின் டனீடினில் கீழ்மட்ட அணியில் எறிந்துகொண்டிருந்த 22 வயதுப் பொடியன், வழக்கமான சீசனில் மூன்றே மூன்று மாட்ச் தொடங்கியவன், உலகத் தொடர் ஐந்தாவது மாட்ச்சில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். அழகு. ஆனால் இந்த முறை அவன் பந்தை எல்லா அணியும் வீடியோவில் பார்த்துவிட்டு வரும், ஆறு மாதம் அந்தத் தோள் தாங்குமா என்பதும் அடுத்த கேள்வி. யங்கீஸைப் பற்றி ஒரு வரி போதும்: போன வருடம் இரண்டு அணிக்கும் சரியாக 94 வெற்றி, எங்களுக்குள் ஆடிய மாட்ச்சுகளில் நாங்கள் அதிகம் வென்றதால்தான் பிரிவில் முதலிடம் எங்களுக்கு வந்தது.

94 என்றால் மிச்சம் 68 தோல்வி, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2024இல் பிரிவில் கடைசி. 2025 மே மாதத் தொடக்கத்தில்கூட வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். அப்போது உங்களிடமிருந்து எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. யூலை 1, கனடா தினத்தன்று ஸ்பிறிங்கர் யங்கீஸுக்கு எதிராக இரண்டு ஹோம் ரன் அடித்து ஏழு ரன் கொண்டுவந்த அன்றும் வரவில்லை. கடிதம் வரத் தொடங்கியது ஒக்ரோபரில்தான். தப்பில்லை, கலியாணவீட்டுக்குப் பந்தி நேரத்தில் வருகிறவர்களும் விருந்தாளிகள்தான். ஆனால் வந்த உடனே சமையல்காரனைப் பிடித்துப் பாயசத்தில் முந்திரிகை காணாது என்று சண்டை பிடிக்கக்கூடாது.

வெல்லுமா என்று கேட்டால், ஒக்ரோபர் இறுதிச்சுற்று ஆட்டங்களுக்குள் நுழையும் என்று நினைக்கிறேன், கிண்ணத்துக்குக் கை அடித்துச் சத்தியம் பண்ணமாட்டேன். நெஞ்சு வெடிக்குமா என்றால், 162 மாட்ச்சில் ஏப்ரல் முடியமுன்னமே இரண்டு தரமாவது வெடிக்கும்.

மகன் என்ன கேட்டான் என்று உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசியுங்கள். “எங்களுக்கு முதல் மாட்ச் எப்ப?” தோற்ற அணியைப் பற்றித்தான் கேட்கிறான், ‘எங்களுக்கு’ என்கிறான். ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து, மேல்தட்டில், விலை குறைந்த இரண்டு ரிக்கெற் எடுங்கள், போன வருடங்களில் செவ்வாயில் ஹாட் டோக் ஒரு டொலர். குளிரென்றால் கூரையை மூடிவிடுவார்கள், ஆனாலும் ஜாக்கெற் கொண்டுபோங்கள். ஏழாவது இன்னிங்ஸில் ஐந்து ரன் பின்தங்கி இருந்தால், ட்ராபிக்குக்கு முன்னம் வெளிக்கிடுவம் என்று அவன் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.