லீட் நகர்ந்த கேஸ்: 58 போடுவதா, 78 போடுவதா?

கேள்வி: அமெரிக்க கார்டியாலஜி டாக்டர்களுக்கான கோடிங் (சிகிச்சைகளுக்கு பில் கோடு போடும்) வேலையில் இருக்கிறேன். மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) நோயாளி ஒருவருக்கு டூயல் சேம்பர் பேஸ்மேக்கர் (33208) வைத்த 12-ஆம் நாள் லீட் (கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி) இடம் நகர்ந்துவிட்டது. அதே குரூப்பில் உள்ள இன்னொரு எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் (இதயத் துடிப்புக் கோளாறு நிபுணர்) இ.பி. லேபில் அதைச் சரியான இடத்தில் வைத்தார் (33215). மாடிஃபயர் (கோடுக்குப் பின்னால் சேர்க்கும் கூடுதல் குறி) இல்லாமல் அனுப்பிய கிளெய்ம் டினை ஆகிவிட்டது. 58 போட்டு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம், இதற்கு 78 தான்.

33208-க்கு 90 நாள் குளோபல் பீரியட் (சர்ஜரிக்குப் பிந்தைய கவனிப்பும் அதே தொகையில் அடங்கும் காலம்) உண்டு. டாக்டர் வேறு என்பதால் அது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். ஒரே குரூப், ஒரே ஸ்பெஷாலிட்டி என்றால் மெடிகேர் இருவரையும் ஒருவராகத்தான் பார்க்கும்.

இரண்டாவது முறை ஏன் உள்ளே போனார்கள் என்பதை ஆபரேஷன் ரிப்போர்ட்டில் தேடுங்கள். மாடிஃபயரை முடிவு செய்வது அந்தக் காரணம்தான். லீட் நகர்வது யாரும் திட்டமிடாத சிக்கல், அதனால் 78. அப்புறம், செய்த இடத்தையும் பாருங்கள். சிக்கலுக்காக ஆபரேஷன் அறைக்குத் திரும்பினால்தான் மெடிகேர் தனியாகப் பணம் தரும். கேத் லேப், இ.பி. லேப் போல புரொசீஜருக்கென்றே அமைந்த அறைகள் இந்தக் கணக்கில் வரும். வார்டுப் படுக்கை வராது.

58 என்பது முன்பே திட்டமிட்ட அடுத்த கட்டத்துக்கு. பேஸ்மேக்கர் வைத்த தோலடிப் பாக்கெட்டில் தொற்று வந்து, 90 நாளுக்குள் ஜெனரேட்டரையும் (பேட்டரி உள்ள பகுதி) லீடுகளையும் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். எடுப்பதற்கு 78. "தொற்று ஆறியதும் மறுபக்கம் புதிது வைப்போம்" என்று அப்போதே டாக்டர் எழுதியிருந்தால், அந்த இரண்டாவது பொருத்தலுக்கு 58.

பணத்திலும் வித்தியாசம் உண்டு. 58-க்கு முழுத் தொகை வரும், புது குளோபல் பீரியடும் தொடங்கும். 78-க்கு அறுவைப் பகுதிக்கான பங்கு மட்டும். நாள் கணக்கு முதல் சர்ஜரியிலிருந்தே ஓடும். கூடுதல் தொகை வருகிறதே என்று 58 போட்டால், ஆடிட்டில் திருப்பிக் கட்ட வேண்டியது டாக்டர்தான். கிளெய்ம் பாஸ் ஆகட்டும் என்று 59 சேர்ப்பதும் தவறு. அது ஒரே நாளில் செய்த தனித்தனி புரொசீஜர்களைப் பிரித்துக் காட்டுவதற்கு.

சரி, இப்போது 33215-78 என்று திருத்தி, T82.120A (லீட் இடம் நகர்ந்தது) என்ற டயக்னோசிஸ் கோடோடு அனுப்புங்கள். கையோடு அந்த நோயாளியின் 33208 கிளெய்மில் கேஎக்ஸ் மாடிஃபயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மெடிகேரின் பேஸ்மேக்கர் நிபந்தனைகள் பூர்த்தியாகின்றன என்பதற்கு அது வேண்டும்.