கேளுங்கள் சொல்கிறேன்: கண்ணளவு ஆன்ட்டியும் ஒரு தராசும்

எங்கள் புளோக்கில் ஓர் ஆன்ட்டி போடும் எலுமிச்சை ஊறுகாய்க்கு ஆறாம் மாடி முழுக்க ரசிகர்கள். கற்றுக்கொடுங்கள் என்றால் "எல்லாம் கண்ணளவுதான்மா" என்று சிரிக்கிறார். அவர் சொன்னபடியே போட்டும் மூன்றாவது வாரம் பூஞ்சை. எதையாவது மறைக்கிறாரோ?
*- வாசகி, செங்காங்*

மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது. நாற்பது வருஷம் பழகிய கை செய்துவிடும், வாயால் சொல்லத்தான் வராது. அதனால் செய்முறை கேட்பதை விடுங்கள். அடுத்த தடவை ஊறுகாய் போடும்போது பழம் நறுக்க வருகிறேன் என்று சொல்லுங்கள் (தேக்கா சந்தையில் இரண்டு கிலோ எலுமிச்சை வாங்கிக்கொண்டு போங்கள், வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள்). பையில் ஒரு சின்ன தராசு இருக்கட்டும். உப்பில் கை வைத்தவுடன் "ஒரு நிமிஷம் ஆன்ட்டி" என்று சொல்லி அதை நிறுத்துவிடுங்கள். முதலில் முறைப்பார், அப்புறம் அவருக்கே ஆர்வம் வந்துவிடும்.

நான் கற்றதும் இப்படித்தான். எதிர்வீட்டு அம்மா ஒரு கிலோ பழத்துக்கு நாலு கைப்பிடி கல்லுப்பு என்றார். அவர் அள்ளியதை நிறுத்தால் 210 கிராம், நான் அள்ளியது 140. ஸ்பூன் கணக்கும் உதவாது, ஏனென்றால் கல்லுப்பில் இடைவெளி அதிகம், ஒரே ஸ்பூனில் தூளுப்புதான் கூடுதல் எடை நிற்கும்.

உங்கள் பூஞ்சைக்கு, உப்பு குறைந்ததைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம், அதை எனக்குச் சொன்னது கீழ்வீட்டுச் சீனப் பாட்டி. கடுகுக் கீரையை உப்பு நீரில் போட்டு, மேலே தட்டும் கனமான கல்லும் வைத்து அமுக்கி வைப்பார். எதற்குக் கல் என்று கேட்டேன். மிதக்கிற இலை கெட்டுப்போகும் என்றார், அவ்வளவுதான் பாடம். வீட்டுக்கு வந்து என் ஜாடியைப் பார்த்தால், சாற்றுக்கு மேலே எட்டிப் பார்த்த துண்டில் மட்டும்தான் வெள்ளை படர்ந்திருந்தது! பூஞ்சைக்குக் காற்று வேண்டும், சாற்றுக்குள் மூழ்கியதை அது அவ்வளவு எளிதில் தொடாது. பக்கத்து மலாய்க் குடும்பத்து மக்சிக் (மலாயில் ஆன்ட்டி) அச்சார் என்னும் அவர்கள் ஊறுகாய் போடுவதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வெள்ளரியை உப்பில் பிசறித் தண்ணீரைப் பிழிந்து எடுத்த பிறகுதான் வினிகர் பக்கமே போவார்.

ஊர் மொட்டை மாடியை மட்டும் இங்கே சிங்கப்பூரில் தேடாதீர்கள். காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், காலையில் வெயில் என்று வைத்தால் மூன்று மணிக்கு இடி. வெயிலை நம்பாமல், உப்பில் ஊறியதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

கோழிக்குழம்பைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, பிரஷர் குக்கரில் வேகவைத்து, அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாம் என்கிறார் தோழி. அவரும் அப்படித்தான் வைத்திருக்கிறாராம். நம்பலாமா?
*- வாசகர், உட்லண்ட்ஸ்*

வேண்டாம். பக்கத்து வீட்டில் கற்றுக்கொள்ளச் சொல்லும் நானே இதில் பக்கத்து வீட்டை நம்பாதீர்கள் என்கிறேன். ஊறுகாய் தப்பினால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும். இதில் வரும் போட்டுலிசம் நஞ்சுக்குப் பெரும்பாலும் வாசனையும் இல்லை, ருசியும் இல்லை, ஆனால் நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. அந்த நஞ்சைச் சுரக்கும் கிருமியின் விதைகள் மண்ணில் இருப்பவை, கொதிநீருக்கும் சாகாது. புளிப்பும் இல்லாமல், காற்றும் இல்லாமல், அறை வெப்பத்தில் இருக்கிற மூடிய ஜாடி அதற்குப் பிடித்த இடம். புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 4.6க்குக் கீழே இருந்தால் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) முளைக்காது. ஊறுகாயும் ஜாமும் அதனால்தான் பிழைக்கின்றன. கறி, பருப்பு, காய்கறிக்கு 116 முதல் 121 டிகிரி வரை சூடு, அதுவும் சோதித்து எழுதிய நேரக்கணக்குப்படி வேண்டும்.

குக்கரும் 120 டிகிரியைத் தொடுமே என்று கேட்பீர்கள். தொடும்தான். ஆனால் அந்த நேரக்கணக்கெல்லாம் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் பெரிய பாத்திரத்துக்குப் போட்டது. நம் குக்கர் சின்னது, சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கிவிடும், விசிலுக்கு விசில் அழுத்தமும் மாறும். ஜாடியின் நடுவில் எவ்வளவு சூடு போனது என்று யாருக்குத் தெரியும்? தோழிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை, நல்லது. ஆனாலும் அந்தக் குழம்பை ருசிகூடப் பார்க்காமல் அவர் கொட்டிவிட வேண்டும்.

எண்ணெயில் பச்சைப் பூண்டு போட்டு மேசையில் வைப்பதும் இதே கதைதான். 1985ல் கனடாவின் வான்கூவரில், குளிரில் வைக்காத பூண்டு எண்ணெயால் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளில் முடித்துவிடுங்கள். கோழிக்குழம்புக்கு உறைபெட்டி இருக்கிறதே, அது போதும்.

அரிசியில் வண்டு. வேப்பிலை, காய்ந்த மிளகாய் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.
*- வாசகி, தெம்பனிஸ்*

வண்டு வெளியிலிருந்துதான் வருகிறது என்றில்லை. அரிசிக்குள்ளே முட்டையாகவே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம், மிளகாய் அதை என்ன செய்யும்? வாங்கியதும் சின்னப் பைகளாகப் பிரித்து நாலு நாள் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள், வியர்த்து ஈரமாகிவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு இறுக்கமான டப்பாவில் கொட்டுங்கள். சலுகை விலை என்று பத்துக் கிலோ மூட்டையைத் தூக்கி வராதீர்கள், இரண்டு பேர் வீட்டுக்கு ஐந்து கிலோவே அதிகம்.